இணைய மோசடியும் வணிகர் மனமும்



நமது திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் கிட்டங்கியில் இன்றும் ஒரு பழைய மாங்காய்ப் பூட்டு தொங்குகிறது. அதை உடைக்கத் திருடன் கடப்பாரையோடு வரவேண்டும், தெருவே விழித்துக்கொள்ளும். ஆனால் கடைப் பையனிடம் வந்து, “முதலாளி சாவியை வாங்கிவரச் சொன்னார்” என்று நம்பும்படி சொல்லிவிட்டால் சத்தமே இல்லாமல் கதவு திறந்துவிடும். இன்று செல்போன் வழியாகவும் கம்ப்யூட்டர் வழியாகவும் வணிகர்களிடம் நடக்கும் மோசடிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையே. உடைக்கப்படுவது யந்திரம் அல்ல. ஏமாற்றப்படுவது மனம்.

ஆகவே யந்திரத்தைப் பற்றி அதிகம் தெரியாதவர்களும் இந்தப் பாடத்தைப் படிக்கலாம். நானும் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன்தான். முதலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அடியேன் பட்ட நஷ்டம்

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாட்கள் முன்பு. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். வடக்கே ஒரு பருப்பு மில்லோடு எனக்கு இருபது ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல் உண்டு. அந்த மில்லின் பெயரில் ஒரு புதிய நம்பரிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. “கணக்குத் தணிக்கை நடப்பதால் பழைய வங்கிக் கணக்கை உபயோகிக்க வேண்டாம். இந்தப் புதிய கணக்கில் பகல் 3 மணிக்குள் பணம் போடவும். அடுத்த லாரி லோடு ஏறத் தயாராக நிற்கிறது” என்று இருந்தது. பில் நம்பர் சரி. தொகை ரூ.2,86,400, அதுவும் சரி. மில்லின் முத்திரைப் படமும் இருந்தது.

கணக்கு எழுதும் பையன் மட்டும், “அண்ணாச்சி, பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரட்டுமா?” என்றான். “அதெல்லாம் வேண்டாம்ப்பா, லோடு நின்னு போச்சுன்னா தீபாவளி யாவாரமே போயிரும், முதல்ல பணத்தைப் போடு” என்று நான் அதட்டினேன். போட்டுவிட்டான்.

மறுநாள் மாலை மில்காரர் போன் செய்து, “பணம் எப்போது வரும்?” என்று கேட்டார். மில்லின் இமெயிலை யாரோ திறந்து பில்களை எல்லாம் படித்திருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. அதைவிடப் பெரிய தவறை அதற்குப் பிறகுதான் செய்தேன். இத்தனை வருட அனுபவஸ்தன் ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, வீட்டாரிடம்கூட இரண்டு நாட்கள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என் மகன் முகத்தைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தான். அதற்குள் பணம் கணக்கு மாறிக் கணக்கு மாறி எடுக்கப்பட்டுவிட்டது. ரூ.41,000 மட்டும் முடக்கப்பட்டு, பல மாதங்கள் கழித்துக் கிடைத்தது. மில்லுக்கு முழுத் தொகையையும் மீண்டும் கொடுத்தேன்.

புகார் எழுதிய அதிகாரி கேட்ட முதல் கேள்வி, “விஷயம் எப்போது உங்களுக்குத் தெரிந்தது?” என்பது. அதற்குப் பதில் சொல்லும்போது எனக்கு இருந்த தலைகுனிவு, பணம் போனதைவிடப் பெரிது. என்னைப் பார்த்தாவது மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஏன் ஏமாறுகிறோம்?

அமெரிக்காவின் உளவியல் பேராசிரியர் ராபர்ட் சியால்டினி என்பவர் 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு மனிதரை இணங்கவைக்கும் வழிகள் ஆறு என்று அதில் வகைப்படுத்தினார். அவற்றைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆறையும் நாம் கடையில் தினமும் கையாளுகிறோம். நாம் நல்ல சரக்கை விற்கக் கையாளுகிறோம். மோசடிக்காரன் அதையே திருடக் கையாளுகிறான்.

1. கைம்மாறு. கொசுறு கொடுத்தால் வாடிக்கையாளர் திரும்பி வருவார். மோசடிக்காரனும் முதலில் கொடுக்கிறான். “வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்” என்று சொல்லி, முதல் நாள் 150, 200 ரூபாய் உண்மையாகவே அனுப்புவான். அந்தக் கொசுறை வாங்கியவர் பிறகு ஆயிரக்கணக்கில் கட்டுவார்.

2. ஒப்புக்கொண்டதில் நிற்றல். கால் கிலோ வாங்கிப் பார்த்தவர் அடுத்து ஒரு கிலோ வாங்குவார். அவன், “சும்மா ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்” என்று தொடங்குவான். சின்னதற்குத் தலையாட்டியவர் பெரியதற்கு மறுக்கக் கூச்சப்படுவார்.

3. ஊரோடு ஒத்துப்போதல். கூட்டம் உள்ள கடைக்கே கூட்டம் வரும். பங்குச்சந்தை வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் லாபம் வந்ததாக எழுதுவார்கள். நூறு பேரும் ஒரே கும்பலின் ஆட்களாக இருக்கலாம்.

4. பழக்கம். தெரிந்த முகத்துக்குக் கடன் கொடுப்போம். நண்பரின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, “ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாகப் பத்தாயிரம் அனுப்பு” என்று செய்தி வரும்.

5. அதிகாரம். “டாக்டரே இந்த எண்ணெயைத்தான் வாங்குகிறார்” என்று நாம் சொல்வோம். அவன் போலீஸ், வங்கி மேலாளர், வரி அதிகாரி என்று வேஷம் கட்டுவான்.

6. தட்டுப்பாடும் அவசரமும். “கடைசி மூட்டை, நாளைக்கு விலை ஏறிவிடும்” என்போம். “இன்று இரவு 9 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்குப் பேசவும்” என்று அவன் எஸ்.எம்.எஸ். அனுப்புவான்.

எனக்கு வந்த செய்தியில் மூன்று இருந்தன: இருபது ஆண்டுப் பழக்கம், தணிக்கை என்ற அதிகாரச் சொல், பகல் 3 மணி என்ற அவசரம். தீபாவளிக் கூட்டத்தை நானே சேர்த்துக் கொடுத்தேன். களைத்த மனம் ஆராயாது என்பது அவனுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் கெவின் மிட்னிக் என்பவர் பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்ததற்காக 1995 பிப்ரவரியில் கைதானார். தண்டனை அனுபவித்து வெளியே வந்தபின் 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். யந்திரத்தை உடைக்கத் தமக்கு அதிகம் தேவைப்படவில்லை என்றும், ஊழியர்களிடம் போனில் சக பணியாளர் போலப் பேசியே ரகசியச் சொற்களைப் பெற்றதாகவும் விளக்கினார். ஆக இது உலகம் அறிந்த விஷயம்.

பயம் என்னும் ஆயுதம்

“படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள், எனக்கு இது நேராது” என்று எண்ண வேண்டாம். நமது மாவட்டத்து நூற்பாலைக்காரர்களுக்கு லூதியானாவின் வர்த்தமான் குழுமத்தைத் தெரியாமல் இராது. அதன் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயதில், 2024 ஆகஸ்டில் 7 கோடி ரூபாயை இழந்தார். மத்தியப் புலனாய்வுத் துறை என்று பேசி, வீடியோ அழைப்பில் இரவும் பகலும் கண்காணித்து, உச்சநீதிமன்ற விசாரணை போலவே ஒரு பொய்க் காட்சியையும் நடத்தியிருக்கிறார்கள். தலைமை நீதிபதி போல ஒருவன் ‘உத்தரவு’ போட்டிருக்கிறான். தம் நிறுவனத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுச் சொன்ன பிறகே மாயை விலகியது. உடனே புகார் கொடுத்ததால் போலீசார் ஐந்தேகால் கோடி ரூபாயை மீட்டார்கள். அவர் வெட்கப்படாமல் வெளியே சொன்னதால்தான் நாட்டில் பலர் விழித்துக்கொண்டார்கள். அந்த விஷயத்தில் அவர் என்னைவிடத் துணிச்சலானவர்.

இதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லை. பிரதமரும் 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைச் சொல்லி, நின்று, யோசித்து, பிறகு செயல்படும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். எந்தப் போலீசும், எந்தக் கோர்ட்டும், எந்த ஜி.எஸ்.டி. அதிகாரியும் வீடியோ அழைப்பில் விசாரித்துப் பணத்தை ஒரு கணக்கில் போடச் சொல்லமாட்டார்கள். “வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது” என்று ஒருவன் சொன்னால், அதுவே அவன் திருடன் என்பதற்கு அத்தாட்சி.

நமது கடைகளில் நடப்பவை

மளிகைக் கடை, ஓட்டல், மொத்தக் கடை ஆகிய இடங்களில் அடிக்கடி நடப்பவற்றைக் கீழே கொடுத்துள்ளேன். கடைப் பையன்களுக்கும் படித்துக் காட்டவும்.

ராணுவ ஆர்டர்: “நான் ராணுவ அதிகாரி, முகாமுக்கு 10 மூட்டை அரிசி வேண்டும்” என்று போன் வரும். அடையாள அட்டைப் படமும் வரும். விலை பேசவே மாட்டான். வணிகருக்கு இதுவே முதல் எச்சரிக்கை. பேரம் பேசாத கிராக்கி எங்கே இருக்கிறார்? பிறகு, “ராணுவத்தில் பணம் அனுப்பும் முறை வேறு, நான் அனுப்பும் கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்பான். போட்டால் பணம் வராது, போகும். யு.பி.ஐ. 2016-இல் தொடங்கிய நாள் முதல் விதி ஒன்றே: பின் நம்பர் நம் பணத்தை வெளியே அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும் மட்டுமே. பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை.

பணம் கேட்கும் கோரிக்கை: முன்பு யார் வேண்டுமானாலும் நம் போனுக்குப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்ப முடிந்தது. பலர் அதை வரவு என்று எண்ணி அழுத்திவிட்டார்கள். தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் அந்த வசதியைத் தேசிய கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆயினும் வியாபார நிறுவனங்களின் பெயரில் கோரிக்கை வரலாம். பெயரும் தொகையும் பாராமல் பின் நம்பர் போடக்கூடாது.

பொய் ரசீது: கூட்ட நேரத்தில், “பணம் போட்டாச்சு பாருங்க” என்று போனைக் காட்டுவார்கள். ரசீது போலவே படம் காட்டும் போலி ஆப்கள் உண்டு. அவர் போனில் தெரிவது ரசீது அல்ல. நம் ஒலிப்பெட்டி பேசவேண்டும். அல்லது நம் போனில் வரவு தெரியவேண்டும்.

அட்டை மாற்றுதல்: 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் இரவோடு இரவாகச் சில கடைகளின் கியூ.ஆர். அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். ஸ்கேன் செய்தபோது வேறு பெயர் வந்ததால்தான் வெளிப்பட்டது. வெளியே ஒட்டிய அட்டையைக் காலையில் கடை திறக்கும்போது விரலால் தடவிப் பார்க்கவும். நம் போனிலேயே ஸ்கேன் செய்து பெயரையும் சரிபார்க்கவும்.

தவறி அனுப்பிய பணம்: “ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்” என்று அழுவான். வங்கி அனுப்பியது போல எஸ்.எம்.எஸ்.ஸும் வரும். நம் இரக்கத்தைப் பயன்படுத்தும் வித்தை இது. வங்கி இருப்பைப் பார்க்காமல் ஒரு பைசா திருப்பக்கூடாது.

கல்யாணப் பத்திரிகை: வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருந்தால் அது படம் அல்ல. போனுக்குள் குடியேறும் ஆப். நமக்கு வரும் ஓ.டி.பி.யை அதுவே படித்துவிடும். தொடவே வேண்டாம்.

கணக்கை ஒத்துப்பார்த்தவர் பிழைத்தார்

பெரிய வங்கிகளுக்கும் இதே கதைதான். வங்காளதேச மத்திய வங்கியின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் நுழைந்தது, வேலை கேட்டு விண்ணப்பம் போல ஊழியர்களுக்கு வந்த இமெயில் மூலமாக. 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு பணத்தை அனுப்பத் தொடங்கினார்கள். அந்நாட்டில் வெள்ளி விடுமுறை; பணம் இருந்த நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை; பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. பரிவர்த்தனைகளை அச்சிடும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. வழக்கமான கோளாறுதான் என்று ஊழியர்கள் விட்டுவிட்டார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலா வங்கிக்குப் போயிற்று. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும், பெறுபவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் சந்தேகம் எழுந்து நிறுத்தப்பட்டது. ஒருவர் நிதானமாகப் பெயரைப் படித்ததன் பலன் அது.

நமது கும்பகோணத்தில் தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் 2018 பிப்ரவரியில் ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று தவணையாகத் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்கு அனுப்பத் திருடர்கள் முயன்றார்கள். மறுநாள் கணக்கை ஒத்துப்பார்த்தபோது தங்கள் ஏட்டில் இல்லாத மூன்று பரிவர்த்தனைகள் இருப்பதை ஊழியர்கள் கண்டார்கள். உடனே தகவல் கொடுத்ததால் துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பிவிட்டது.

இதில் நமக்குப் பாடம் என்ன? அன்றன்று இரவு கல்லாவையும் சிட்டையையும் ஒத்துப்பார்க்காமல் நம் பெரியவர்கள் கடையைப் பூட்டியதில்லை. இப்போது கல்லாவின் பெரும்பகுதி போனுக்குள் போய்விட்டது. ஆனால் ஒத்துப்பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டோம். “வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறோம். அந்த இடைவெளிதான் திருடனின் வாசல்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வங்கிக் கணக்கு மாற்றம் என்று செய்தி வந்தால், அந்தச் செய்தியில் உள்ள நம்பருக்குப் பேசாமல், நம் பழைய பேரேட்டில் உள்ள நம்பருக்குப் பேசி, தெரிந்த குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்பவும்.

2. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் மூலம் அனுப்பும் முன் கணக்கு எண்ணுக்கு உரியவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் அளிக்கவேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதை உபயோகிக்கவும். எனக்கு அன்று இது இருந்திருந்தால் மில் பெயருக்குப் பதிலாக வேறு ஒரு பெயர் கண்ணில் பட்டிருக்கும்.

3. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருவர் பார்த்த பிறகே பணம் போகவேண்டும். என் கடையில் அது ரூ.25,000. முதலாளிக்கும் இந்த விதி பொருந்தும்.

4. கடைப் பையன் சந்தேகம் கேட்டால் அதட்டக்கூடாது. கேட்டதற்காக ஐந்து நிமிடம் வீணானாலும் பாராட்டவேண்டும். அதட்டு வாங்கியவன் மறுமுறை வாய் திறக்கமாட்டான்.

5. அவசரப்படுத்தும் எந்தச் செய்திக்கும் பத்து நிமிடம் கழித்தே பதில் கொடுக்கவும். உண்மையான பாக்கி பத்து நிமிடத்தில் ஓடிப்போகாது.

6. ஓ.டி.பி., பின் நம்பர் இரண்டையும் வங்கிக்காரர் உட்பட எவரும் கேட்க உரிமையில்லை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை அறிவிப்பின்படி, ரகசிய எண்ணை நாமே சொல்லி நஷ்டப்பட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. எனவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

7. ஏமாந்தது தெரிந்த உடனே 1930-க்குப் போன் செய்யவும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். பிறகு வங்கிக்கும் மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்கும் போகவும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளவும். செய்திகளை அழிக்கக்கூடாது.

8. இரவு கடை அடைக்கும் முன் ரொக்கம், யு.பி.ஐ. வரவு, வங்கி இருப்பு மூன்றையும் சிட்டையோடு ஒத்துப்பார்க்கவும்.

முடிவாக

மூட்டையில் குத்தூசி போட்டு அரிசியைக் கையில் எடுத்து, பல்லில் கடித்துப் பார்க்காமல் நாம் வாங்கமாட்டோம். அதனால் மில்காரர் கோபித்துக்கொள்வதில்லை; அது வியாபார முறை என்று அவருக்குத் தெரியும். பணம் அனுப்பச் சொல்லும் செய்திக்கும் அதே போலக் குத்தூசி போடுவோம். நேர்மையானவர் அதற்காக வருத்தப்படமாட்டார். இப்போது அந்த மில்காரரே, “கணக்கு மாற்றம் என்று என் பெயரில் எது வந்தாலும் எனக்குப் போன் பண்ணாமல் போடாதீர்கள்” என்று எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களில் யாராவது ஏமாந்தால், அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். எவரும் சிரிக்கவேண்டாம். ஒருவர் சொன்னால் பத்துக் கடை தப்பிக்கும். அன்று கேள்வி கேட்ட அந்தக் கணக்குப் பையன் இன்றும் என் கடையில்தான் இருக்கிறான். ரூ.25,000-க்கு மேல் பணம் அனுப்பும்போது இரண்டாவது பார்வை அவனுடையது. “கேட்டுரட்டுமா அண்ணாச்சி?” என்று இன்றும் கேட்கிறான். “கேளுப்பா” என்கிறேன்.